கப்பியில் நின்ற கவிஞர்

கூரைக்குருவி என்று ஒரு கவிஞர் இருந்தார். உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் அவர் பேர் கிடையாது. ஜப்பான்காரன் சண்டைக்கு முந்திய காலத்தில் பினாங்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் பதினொரு பாட்டு எழுதினார். பிறகு எழுதவில்லை. அந்தப் பதினொன்றும், அச்சில் வராத இன்னும் பலவும் எனக்கு மனப்பாடம். கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் யார் அகப்பட்டாலும் ஒன்றைச் சொல்லிக் காட்டிவிடுவேன். நான் தொண்டையைச் செருமினாலே என் மகள், "அம்மா குருவி விடப்போறாங்க" என்று சொல்லிக்கொண்டு காப்பி கலக்க எழுந்து போய்விடுவாள்.

போகட்டும். இத்தனை வயதுக்கு மேல் எனக்கு வெட்கம் என்ன? பழைய பத்திரிகைகள் எங்கேயோ கிடக்கின்றன என்று கேள்விப்பட்டு மூன்று முறை பினாங்குக்குப் போயிருக்கிறேன். கரையான் தின்றது போக மிச்சம் இருந்ததை மூக்கில் துணி கட்டிக்கொண்டு புரட்டியிருக்கிறேன். அவர் எப்படிச் சிரிப்பார், எந்த நேரத்தில் எழுதுவார், எழுதும்போது யாராவது கூப்பிட்டால் என்ன செய்வார் என்றெல்லாம் யோசித்தபடியே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டேன். இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது பத்து வயதில். பிடிக்க வைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

எங்கள் ரப்பர் தோட்டம் கெடாவில், பீடோங்குக்கும் செமிலிங்குக்கும் நடுவில் இருந்தது. மாமா பால் ஸ்டோரில் வேலை செய்தார். பால் என்றால் ரப்பர் மரத்துப் பால். எங்களுக்கு அது ஒன்றுதான் பால். மாடு கொடுப்பதைச் சொல்ல வேண்டுமானால் 'மாட்டுப்பால்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்குகிறவர்கள், வாளியில் கொண்டுவரும் பாலை அளந்து தொட்டியில் ஊற்றுவது மாமாவின் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பீடோங்குக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி வருவது அவருடைய வெறி.

அவர் சைக்கிள் மணி எங்கள் வரிசை வீடுகளான லயத்து முனையில் கேட்டதும் நான் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவேன். மாமா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன்; கடகடவென்று படிப்பேன். ஆனாலும் பத்திரிகையை மாமாதான் பிடித்துக்கொள்வார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படிக்க வேண்டும். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். உலகச் செய்தி, விளம்பரம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேரே கூரைக்குருவி இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் மாமா தொடையில் ஒரு தட்டு தட்டுவார். இல்லாவிட்டால் பத்திரிகை ஆசிரியரின் பரம்பரையையே இழுத்து வைவார்.

பாட்டுக்கு அடியில் 'கூரைக்குருவி, பீடோங் அஞ்சல்' என்று போட்டிருக்கும். எங்கள் தோட்டமும் பீடோங் அஞ்சல்தான்! இந்த ஒரு வரியை மாமா விரலால் தடவித் தடவி அந்த இடமே கறுத்துப் போயிருக்கும். பீடோங் அஞ்சலில் எத்தனையோ தோட்டம் இருந்தாலும், கவிஞர் நம் தோட்டத்து ஆள்தான் என்று மாமா முதல் நாளே முடிவு கட்டிவிட்டார். அதற்கு ஆதாரமும் வைத்திருந்தார். அடுப்பு ஊதிக் கண் கலங்குவதைப் போல ஒரு பாட்டு வந்தது. 'புகை' என்று பேர். "பொகன்னா என்னா? நம்ம பொகக் கொட்டாய்லா! ரப்பரு சீட்டுக் காயவைக்கிற பொக! உள்ள போயிட்டு வந்தவனுக்குத்தான் இது தெரியும்" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். புகைக் கொட்டகையில் வேலை செய்த ஒருவர் உடனே கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

பிறகுதான் அந்தப் பாட்டு வந்தது. 'மரத்துப் பால்'. தலைப்பைப் படித்ததுமே மாமாவுக்குக் குரல் போய்விட்டது. பத்திரிகையை என்னிடமே கொடுத்துவிட்டார். நான் முதல் முறையாக அதைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன்.

மரம் தந்த பாலெல்லாம்
மற்றவர் வாய்க்காச்சு;
கப்பியில் நிற்கிறது
கடைசியில் என் பங்கு.

அடுத்த கணம் எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். மரத்துப் பால்! மற்றவர் வாய் என்றால் வெள்ளைக்காரன் வாய்! இதை வெளியே சொல்லத் துணிச்சல் வேண்டாமா? யாரோ ஒருவர் மாமாவின் வாயைப் பொத்தினார். மாமா அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்து நின்று, "கப்பி! கப்பின்னு எழுதியிருக்கான், கேட்டீங்களா?" என்று கத்தினார்.

கப்பி என்ன என்று எங்களில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துக்குள் போகும் பாதையெல்லாம் செம்மண். ஆபீசிலிருந்து பெரிய சாலை வரைக்கும் மட்டும் கல் கொட்டி இறுக்கியிருந்தார்கள். அது கப்பி ரோடு. பேச்சில் வெறும் கப்பி. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் அப்படிக் கல் போட்ட பாதை கிடையாது. அதுவே எங்களுக்கு ஒரு பெருமை. ஆளாளுக்கு வெட்டுவதற்குப் பிரித்துக் கொடுக்கும் மரங்களுக்குப் பங்கு என்று பேர். ஆகவே, 'கப்பியில் நிற்கிறது என் பங்கு' என்றால் என்ன அர்த்தம்? கவிஞர் வெட்டுகிற மரங்கள் கப்பி ரோட்டு ஓரத்தில் நிற்கின்றன! வீட்டு விலாசத்தையே பாட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று மாமா குதித்தார். நானும் குதித்தேன். அம்மா மட்டும், "அவருதான் வேற பேருல ஒளிஞ்சிக்கிட்டு எழுதறாரு, அப்புறம் எதுக்கு வெலாசம் குடுக்கறாரு?" என்று கேட்டாள். மாமா அவளைப் பார்த்த பார்வையில் அவள் சோற்றுப் பானையைக் கிளறப் போய்விட்டாள்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கவிஞர், உயிரோடு, நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று மரம் வெட்டுகிறார்! அவரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதைவிட, அவர்தான் என்று முதலில் கண்டுபிடித்தவள் நானாக இருக்க வேண்டும். மாமாவுக்கு ஆசை வேறு. ஒரு நாள் பால் தொட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நம்மள எல்லாம் மாடுன்னு நெனைக்கிறானுங்க, புள்ள. நமக்குள்ள ஒரு கவிஞன் இருக்கான்னு ஊரக் கூட்டிக் காட்டணும். அப்புறம் எவன் நம்மள மாடுன்னு சொல்லுவான்?" அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. தொட்டியில் ஊற்றும் ஆசிட்டின் காரம் என்று துடைத்துக்கொண்டார்.

கப்பி ரோட்டோரம் வெட்டியவர்கள் மூன்றே பேர். ஒருவர் சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பவர், அவர் தள்ளுபடி. இன்னொருவர் ஓர் அக்கா. நன்றாகப் படிப்பார், எழுத்தும் முத்து முத்தாக இருக்கும். நான் அவர் பேரைச் சொன்னதும் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "பொம்பளையா? போலா! கவிதை எழுதுறது என்னா கோலம் போடுறதா?" நானும் சேர்ந்து சிரித்தேன், என் வாயிலிருந்து இப்படி ஓர் அசட்டுப் பேச்சு வந்துவிட்டதே என்று வெட்கப்படவும் செய்தேன்.

மிச்சம் இருந்தது கடுதாசிக்காரர். தனி ஆள், யாரோடும் அதிகம் பேசமாட்டார். லயத்து ஆட்களுக்கெல்லாம் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர் அவர். 'நலம் நலமறிய ஆவல்' என்று அவர் எழுதினாலே அதில் ஓர் இழுவை இருக்கும். மரம் வெட்டும்போது முணுமுணுவென்று ஏதோ பாடுவார். நான் இரண்டு நாள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து கேட்டேன். ஒரு நாள் அது முருகன் பாட்டு. இன்னொரு நாள் சளி இருமல். ஆனாலும் மாமாவிடம் 'ஏதோ புதுசா இருந்துச்சி' என்று சொல்லிவிட்டேன்.

மாமா அவரிடமே போய்க் கேட்டார். "அய்யோ, நான் இல்லண்ணே" என்றார் கடுதாசிக்காரர். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா, உண்மையான கவிஞன் ஒத்துக்க மாட்டான்." மறுவாரம் கேட்டபோதும் அவர் இல்லை என்றார், ஆனால் கொஞ்சம் மெதுவாக. மூன்றாம் வாரம் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்து சிரித்தார். அதற்குள் லயத்துப் பெண்கள் அவருக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தும் மனிதர் என்ன செய்வார்?

ஒரே ஓர் இடத்தில்தான் கணக்கு இடித்தது. ஆபீஸ் தபாலைப் பீடோங்குக்குக் கொண்டுபோகும் பியூனிடம் மாமா விசாரித்தபோது, "பெனாங்குக்கா? கிராணி வீட்டு சூராட் ஒன்னு ரெண்டு போகும். லயத்துலேருந்து யாரும் அங்க எழுதறதில்ல" என்று அவர் சொன்னார். சூராட் என்றால் கடிதம்; கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. கிராணி வீட்டில் ஏதாவது கடைச் சாமானுக்கு எழுதுவார்கள் என்று மாமா தள்ளிவிட்டார். கடுதாசிக்காரர் கமுக்கமாக நடந்தே போய்த் தபாலில் போட்டிருப்பார் என்று அதையும் அவருடைய பெருமையில் சேர்த்துக்கொண்டோம்.

மாரியம்மன் திருவிழா வந்தது. கடைசி நாள் மத்தியானம், பூசை முடிந்து பந்தியில் உட்காருவதற்கு முன்னால், எல்லோருக்கும் எதிரில் கவிஞருக்கு மாலை போடுவது என்று ஏற்பாடு. சுங்கைப்பட்டாணியிலிருந்து கைத்தண்டிப் பூமாலை வந்தது. பட்டுத் துண்டு வந்தது. கிராணி ஐயா தலைமை தாங்க ஒத்துக்கொண்டார். கிராணி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக அவர் வந்தால் துரையே வந்ததுபோல நாங்கள் ஒதுங்கி நிற்போம். கடுதாசிக்காரருக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, வேட்டியை நீலம் போட்டு வெளுத்து, மேடையில் பேசுவதற்கு நாலு வார்த்தையும் மாமாவே சொல்லிக் கொடுத்தார்.

அன்று காலையில், நாற்காலி நாலு வாங்கி வரும்படி மாமா என்னைக் கிராணி வீட்டுக்கு அனுப்பினார். முன்பக்கம் போகப் பயந்து பின்பக்கமாகப் போனேன். அடுப்படியில் கிராணியம்மா இருந்தார். அலோர் ஸ்டாரிலிருந்து திருவிழாவுக்காக ஐயாவின் தகப்பனாரும் தம்பிமாரும் வந்திருந்தார்கள். முன் ஹாலில் அவர்கள் பேச்சு கேட்டது. அடுப்படியில் மூன்று அடுப்பு எரிந்தது. அவர் தரையில் உட்கார்ந்து தேங்காய்ப்பூவைப் பிழிந்துகொண்டிருந்தார். அவரை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். அம்மா வயதுதான் இருக்கும்.

"ஆர் பிள்ளை நீ?"

"பால் ஸ்டோர்ல வேல செய்றவரோட அக்கா மகம்மா. நாலு நாற்காலி கேக்கச் சொன்னாங்க."

"கதிரையோ? என்னத்துக்கு?"

"கவிஞருக்கு மால போடுறோம்மா! கூரைக்குருவிக்கு!"

பிழிந்துகொண்டிருந்த கை நின்றது. "ஆருக்கு?" என்றார். நான் திரும்பச் சொன்னேன். "கூரைக்குருவி ஆரெண்டு கண்டுபிடிச்சிட்டியளோ?" என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்கு அணை உடைந்தது. பத்திரிகை, பீடோங் அஞ்சல், புகைக் கொட்டகை, மரத்துப் பால், கப்பி ரோட்டோரத்துப் பங்கு, கடுதாசிக்காரர் என்று மூச்சு விடாமல் சொன்னேன். கப்பி ரோட்டுக்கு வந்தபோது அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு கையும் பாலாக இருந்ததால் மணிக்கட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, "கப்பி ரோட்டோ! கடவுளே, கப்பி ரோட்டோ!" என்று சிரித்தார். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது.

"எல்லாரும் படிக்கிறாங்கம்மா. படிக்கத் தெரியாதவங்களும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டாங்க. மரம் வெட்டும்போது பாடுறாங்க."

"பாடுறவையோ?"

"ஆமா."

"உண்மையாப் பாடுறவையோ, பிள்ளை?" என்று இன்னொரு தடவை கேட்டார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

"இஞ்சை வா" என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். முன்னால் மூன்று சட்டி இருந்தது. முதல் சட்டியில் பால் கெட்டியாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. "இது முதற்பால். ஐயாவுக்கும், ஐயான்ர தகப்பனுக்கும் கறிக்குப் போகும். இது ரெண்டாம் பால். தம்பிமாருக்குச் சொதி." மூன்றாவது சட்டியை விரலால் தட்டினார். அதில் கழுநீர் போல ஏதோ இருந்தது. "திரும்பத் திரும்பத் தண்ணி விட்டுப் பிழிஞ்சால் கடைசியிலை வாறது இது. இதுக்குத்தான் எங்கட ஊரிலை கப்பிப்பால் எண்டு சொல்லுறது. கப்பி. தேங்காய் காய்க்கிறதும் மரத்திலைதானே?"

நான் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை.

"மற்றது, அது 'கப்பியில்' இல்லைப் பிள்ளை, 'கப்பியாய்'. கப்பியாய் நிற்கிறது. அச்சுக் கோக்கிறவன் பிழை விட்டுட்டான்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

என் தலைக்குள் பத்து மணி ஒன்றாக அடித்தது. கப்பிப்பால் என்பது யாழ்ப்பாணத்தார் சொல். எங்கள் தோட்டத்தில் யாழ்ப்பாணத்து வீடு இது ஒன்றுதான். அச்சில் வந்த தப்பு என்ன என்பதுகூட இந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. பினாங்குக்குத் தபால் போவதும் இந்த வீட்டிலிருந்துதான். அப்படியானால்! அடேயப்பா! வெள்ளைக் கோட்டுக்குள்ளே இப்படி ஒரு மனிதரா? நம் கிராணி ஐயாதான் கூரைக்குருவி! அவர் எழுதியதை வீட்டில் மனைவிக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அதனால்தான் இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்த நேரத்தில் என்னை மிஞ்சிய புத்திசாலி கெடாவிலேயே இல்லை என்று நினைத்தேன்.

கிராணியம்மா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, நான் உனக்குச் சொன்னதை..." என்று ஆரம்பித்தார். அதற்குள் முன் ஹாலிலிருந்து, "தேத்தண்ணி எங்கை?" என்று ஐயாவின் குரல் கேட்டது. அவர் எழுந்து போனார். நான் நாற்காலியை மறந்துவிட்டு ஒரே ஓட்டமாகக் கோயிலுக்கு ஓடினேன்.

ஓடிய வேகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். வழியில் காவடிக்காரர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள், கூட்டத்தில் வெகுநேரம் மாட்டிக்கொண்டேன். நான் பந்தலுக்குள் நுழைந்தபோது பூசை முடிந்து, கிராணி ஐயா வந்து உட்கார்ந்து, மாமா பேசிக்கூட முடித்திருந்தார். கிராணியம்மாவும் வந்து பெண்கள் பக்கம் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடுதாசிக்காரர் நடுவில் நின்றார். மாமா மாலையைத் தூக்கிவிட்டார்.

"மாமா! அவர் இல்ல! கிராணி ஐயா! கிராணி ஐயாதான் கூரைக்குருவி!"

மாமாவின் காதில் மூன்றே மூன்று வார்த்தை சொன்னேன்: தேங்காய், கப்பிப்பால், பினாங்கு. மாமா என்னைப் பார்த்தார், கிராணி ஐயாவைப் பார்த்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் கண்ணால் கண்டேன். மாலை கடுதாசிக்காரரின் தலைக்கு மேலாகப் போய்விட்டது. பாவம், அவர் கழுத்தைக் குனிந்து நீட்டியவர் நீட்டியபடியே சிறிது நேரம் நின்றார். பிறகு நிமிர்ந்து, நெஞ்சில் கை வைத்து, "அப்பாடா!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பந்தல் சிரித்தது.

கிராணி ஐயா சிரிக்கவில்லை. "என்ன இது?" என்றார். மாமா கும்பிட்டுக்கொண்டே பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்த பாட்டை நீட்டினார். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நாலே வரிதான். அதை அவ்வளவு நேரம் படித்தார்.

"ஆர் சொன்னது, இது என்ர எண்டு?"

மாமா என்னை முன்னால் தள்ளினார். பெருமையில் எனக்குக் கால் தரையில் படவில்லை. "உங்க வீட்டம்மாதான் ஐயா, கப்பிப்பால்னா என்னான்னு காட்டுனாங்க. கப்பியில் இல்ல, கப்பியாய்னு சொன்னாங்க. அச்சுல தப்பாப் போட்டுட்டாங்களாம்!" என்று பந்தலில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

ஐயா பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து நின்று, மாலைக்குத் தலையைக் குனிந்தார். "நல்லது. இனிப் பந்தியைத் தொடங்குங்கோ" என்று மட்டும் சொன்னார். மாமா தொண்டை கிழிய, "கவிஞர் கூரைக்குருவி வாழ்க!" என்று கத்தினார். தவில் முழங்கியது. அவ்வளவு கைதட்டலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் கிராணியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மடியில் கிடந்த தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தட்டி ஓய்கிற நேரத்தில் அவரும் இரண்டு தடவை தட்டினார்.

அடுத்த ஞாயிறு பத்திரிகையில் கூரைக்குருவி இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இரண்டு மாதம் ஓடிவிட்டது. மாமா பத்திரிகையைத் தலைகீழாக உதறிப் பார்ப்பார். "மால விழுந்ததும் எழுதறத விட்டுட்டாரு பாத்தியா? பெரிய மனுசனுங்களே இப்படித்தான்" என்று அலுத்துக்கொள்வார். எனக்கும் கிராணி ஐயா மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை பேர் காத்திருக்கிறோம், ஒரு பாட்டு எழுதினால் என்ன குறைந்துவிடும்? நேரிலேயே கேட்டுவிடுவது என்று ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கிளம்பினேன்.

ஐயா ஆபீசில் இருந்தார். பின்கதவைத் திறந்தது கிராணியம்மா. முன்பைவிட மெலிந்திருந்தார்.

"அம்மா, ஐயா ஏம்மா இப்பல்லாம் எழுதறதில்ல? எழுதச் சொல்லுங்கம்மா. எல்லாரும் கேக்குறாங்க."

"ஐயாவுக்கு இப்ப நேரமில்லைப் பிள்ளை" என்றார். நான் அழுதுவிட்டேன். அழ வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, தானாக வந்தது. "எனக்கு அந்தப் பாட்டுன்னா உசுரும்மா" என்றேன்.

உள்ளே போனார். ஏதோ தகரம் நகரும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் துணியால் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. பிரித்துக் காட்டினார். எல்லாம் காகிதம், காலண்டர்த் தாளின் பின்புறம், சீனி கட்டி வந்த தாள், உறையைக் கிழித்து விரித்தது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் சின்னச் சின்ன எழுத்து. பத்திரிகையில் வராத பாட்டுகள்! முப்பதுக்கும் மேலே இருக்கும். ஓரங்களில் மஞ்சள் தூள் பட்ட விரல் அடையாளம்; சிலவற்றில் எண்ணெய். கிராணி ஐயா எழுதும்போது பலகாரம் சாப்பிடுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இதுகளை நீயே வைச்சிரு. வடிவாப் படி, பாடமாக்கு. இஞ்சை இருந்தால் அடுப்புக்குள்ளைதான் போகும்" என்றார். என் சட்டைக்குள் அவரே செருகி, பொத்தானையும் போட்டுவிட்டார். "ஆனால் பிள்ளை, ஐயாட்டை மட்டும் சொல்லிப் போடாதை, என்ன?"

தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு ஓடினேன். நெஞ்சோடு காகிதம் சரசரத்தது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத பாட்டுகள், என்னிடம் மட்டும்! சிரித்துக்கொண்டே ஓடினேன், கத்திக்கொண்டே ஓடினேன். ஐயா எழுதியதை ஐயாவிடமே ஏன் சொல்லக் கூடாது என்று, வீடு போய்ச் சேருகிறவரையிலும், அதற்குப் பிறகு பல வருஷமும், எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.